வெள்ளாவியும் சோப்பு டிராயரும்

வாஷிங் மெஷினின் சோப்பு டிராயரை முழுசாக வெளியே உருவ முடியும் என்பது நிறைய வீடுகளில் தெரியாது. பவுடர் போடப் பாதி இழுப்பார்கள், போட்டதும் தள்ளிவிடுவார்கள். மெஷின் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் போய், டிராயருக்குள் இருக்கும் சின்ன நாக்கை அமுக்கிக்கொண்டே இழுத்து, மொத்தமாகக் கழற்றித் தரையில் வைக்கும்போது வீட்டுக்காரம்மா பதறுவார். “ஏனுங்க தம்பி, உடஞ்சு போச்சுங்களா?” உடையவில்லை, கழற்றிக் கழுவுவதற்கென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று காட்டுவேன். அடிப்பக்கத்தைத் திருப்பினால் கறுப்பாக ஒரு படிவம் இருக்கும். விரல் வைத்தால் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வரும். டிராயர் உட்கார்ந்திருந்த பொந்துக்குள் டார்ச் அடித்தால் மேல்தட்டிலும் அதே கறுப்பு, புள்ளி புள்ளியாக. “துவைச்ச துணியே நாறுதுங்க” என்று என்னைக் கூப்பிடுகிற பல வீடுகளில் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். எங்களுடையது சலவைத் தொழில் குடும்பம். அப்பத்தா நொய்யல் கரையில் வெள்ளாவி வைத்தவர். அப்பா இஸ்திரி வண்டி தள்ளியவர். நான் ஐடிஐ முடித்துவிட்டு மெஷின் பக்கம் வந்தேன். மூன்று தலைமுறையும் ஊராரின் அழுக்குத் துணியை வைத்துத்தான் பிழைத்தோம். அதனால் இந்த டிராயர் எனக்கு வெறும் பிளாஸ்டிக் பெட்டி இல்லை. எங்கள் தொழிலின் வேலை வரிசை முழுக்க அதற்குள் இருக்கிறது. அந்த வரிசையில் ஒரே ஒரு வேலை மட்டும் விட்டுப்போயிற்று. அது எப்படி விட்டுப்போயிற்று என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஃப்ரண்ட் லோட் மெஷின் டிராயரில் மூன்று அறைகள் உண்டு. ஒற்றைக் கோடு போட்ட அறை முன்சலவைக்கு, அதாவது ஊறலுக்கு. இரட்டைக் கோடு போட்டது முக்கியமான சலவைக்கு. பூப் படம் போட்டது கடைசி அலசலில் சேர வேண்டிய கம்ஃபர்ட் மாதிரியான திரவத்துக்கு. இது ஐரோப்பியப் பெட்டி. அங்கேயும் சலவை நாளுக்கு முதல் நாள் ராத்திரியே துணியைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். ஜெர்மனியின் ஆகன் நகரில் ஃப்ரிட்ஸ் ஹென்கெல் 1876-ல் தொடங்கிய கம்பெனி, 1878-ல் சலவைச் சோடாவும் சிலிக்கேட்டும் கலந்த ஒரு பொடியைப் பொட்டலம் கட்டி விற்று நிலைத்தது. ஊறவைத்த துணியை மறுநாள் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்து, அடித்து அலசி, நீலம் போட்டு, கஞ்சி முக்கிக் காயவைத்தார்கள். 1907-ல் அதே கம்பெனி பெர்சில் என்ற தூளைக் கொண்டுவந்தது. சோப்போடு பெர்போரேட் என்ற வெளுப்பானைக் கலந்திருந்தார்கள். துணி கொதிக்கும்போதே வெளுத்துவிடும், புல்தரையில் விரித்து வெயிலில் வெளுக்கவைக்கிற வேலை மிச்சம்.

அப்பத்தாவுக்கு ஹென்கெல் யாரென்று தெரியாது. ஆனால் ஊறல், கொதி, அலசல், நீலம், கஞ்சி என்கிற வரிசை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பருத்தி நூலும் மனுஷன் வேர்வையும் எங்கேயும் ஒன்று என்பதால் அதைப் பிரிக்கிற வழியும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது.

எங்கள் ஊறல் உவர்மண்ணில் நடந்தது. வெயில் காலத்தில் மேட்டு நிலத்தில் வெள்ளை பூத்துக் கிடக்கும் மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளி வருவார்கள். தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கிற நீரை மட்டும் இறுத்தெடுப்பார்கள். அந்த நீர் போதுமான காரத்தோடு இருக்கிறதா என்று அப்பத்தா இரண்டு விரலைத் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கினால் சரி. வழுக்கவில்லை என்றால் இன்னொரு கை மண். பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது: அந்த மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், கடையில் சலவைச் சோடா என்று விற்கிற அதே சரக்கு. காரம் தோலில் இருக்கிற எண்ணெயைக் கொஞ்சம் சோப்பாக மாற்றுகிறது, அதனால்தான் விரல் வழுக்குகிறது. ஆய்வுக்கூடத்தில் காரத்தை அளக்கத் தாளும் மீட்டரும் வேண்டும். அப்பத்தாவுக்கு இரண்டு விரல் போதுமானதாக இருந்தது.

இந்த அறிவு அவரோடு தொடங்கியதும் இல்லை. புறநானூற்றில் ஔவையார் பாடிய 311-ஆம் பாட்டில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்றில் புலைத்தி தினமும் வெளுக்கிற வெள்ளைத் துணி வருகிறது. பாட்டு அந்தத் துணியை உடுத்த வீரனைப் பற்றியது. ஆனால் எனக்குக் கண்ணில் படுவது அந்தக் களர்க் கிணறு. குடிக்கவும் விதைக்கவும் ஆகாத நிலத்தில் ஏன் கிணறு வெட்டுகிறார்கள்? அந்தத் தண்ணீரில் காரம் இருக்கிறது, துணி வெளுக்கும். ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது. நற்றிணை 90-ஆம் பாட்டில் கஞ்சி போட்ட துணியும் வருகிறது. அதைப் போட்டவளும் புலைத்திதான். டிராயரின் முதல் அறைக்கும் கடைசி அறைக்கும் உரிய வேலைகள் இரண்டும் சங்கப் பாட்டிலேயே பதிவாகிவிட்டன. செய்தவர்களைத் தாழ்ந்தவர்களாக வைத்ததும் அதே காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நடு அறைக்கான வேலைதான் வெள்ளாவி. சிறு பிள்ளையாக நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மண்ணில் அடுப்பு வெட்டி, அதன்மேல் பெரிய பானைகளைப் பதித்து, சுற்றிலும் களிமண் பூசியிருப்பார்கள். பானையில் தண்ணீர். உவர்நீரில் முக்கிப் பிழிந்த துணிகளைப் பானை வாயைச் சுற்றி வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். முரட்டுத் துணியும் அழுக்குத் துணியும் அடியில், மெல்லிசு மேலே. நடுவில் ஆவி ஏற வழி விட வேண்டும். ஆள் உயரத்துக்குக் கோபுரம் மாதிரி எழும்பியதும் பழைய துப்பட்டியைப் போர்த்தி மூடி, பொழுது சாயும்போது தீ மூட்டுவார்கள். ராத்திரி முழுக்க எரியும். விடியக்காலம் மூட்டையைப் பிரித்தால் ஆவி முகத்தில் அடிக்கும். அப்புறம் துறைக்குப் போய் கல்லில் அடித்து அலசுவது.

கொதிக்கிற ஆவி, அதோடு காரம், அதோடு ஒரு ராத்திரி நேரம். இந்த மூன்றிலும் பிழைக்கிற கிருமி அதிகம் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, அம்மை போட்ட வீட்டுத் துணி, எழவு வீட்டுத் துணி என்று ஊரே தொடப் பயந்ததெல்லாம் எங்கள் பெண்கள் கையில்தான் வந்தது. அவற்றைத் தனியாக அடுக்குவார்கள். ஊருக்கு நோய் பரவாமல் நின்றதில் வெள்ளாவிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் கிடைத்த கூலி அறுவடைக் களத்தில் கொஞ்சம் தானியமும், பொழுது போனதும் வாசல் வாசலாக நின்று வாங்கிய சோறும்.

டிராயருக்கு வருவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகு அப்பத்தா செய்தது என்ன? வெள்ளாவிப் பானையில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, அடுப்பின் தணலிலேயே பானையைக் காயவிடுவார். உவர்நீர் கரைத்த தாழியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவார். எல்லாவற்றிலும் கண்டிப்பு கஞ்சிப் பானையில்தான். சோளக் கஞ்சியோ அரிசிக் கஞ்சியோ ஒரு ராத்திரி தங்கினாலும் புளித்துவிடும். புளித்த பானையில் மறுநாள் கஞ்சி காய்ச்சினால் துணிக்கு வாடை ஏறும், அப்புறம் ஊரில் யாரும் துணி போட மாட்டார்கள். அதனால் அன்றைக்கு அன்றே தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பானைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். “பண்டத்துல ஈரம் தங்கக் கூடாது சாமி” என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். துணியைக் காயவைக்கிறது பாதி வேலை என்றால் பாத்திரத்தைக் காயவைக்கிறது மீதி வேலை.

காய்தல் எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பெரியபுராணத்துத் திருக்குறிப்புத் தொண்டர் கதையே சாட்சி. காஞ்சிபுரத்தில் சலவைத் தொழில் செய்த அடியார். முதியவர் ஒருவரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். துவைத்தாயிற்று, மழை பிடித்துக்கொண்டது. மழை விடவே இல்லை. துணி காயாது என்று ஆனதும் துணி துவைக்கிற கல்லிலேயே தலையை மோதுகிறார். பக்தர்கள் அதில் இறைவன் கையைப் பார்ப்பார்கள். எனக்கு அதோடு ஒரு தொழிலாளியின் கவலையும் தெரிகிறது. அழுக்கு போய்விட்டது, ஆனாலும் ஈரமாகக் கொடுத்தால் அது முடித்துக் கொடுத்த வேலை ஆகாது.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் துணி வாங்கி ஏற்றுமதி செய்த காலத்தில், நெய்த துணியை வெளுத்துக் கொடுக்க ஏராளமான சலவைத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. 1888-ல் லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. டாடா ஆயில் மில்ஸின் 501 பார் சோப்பு எங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனால் சோப்புக்கு ஒரு குறை உண்டு. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரண்டுவிடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1920களின் கடைசியில் சிறுவாணித் தண்ணீர் நகரத்துக்கு வந்தபோது, அந்தக் குழாய் எட்டிய தெருக்களில் சோப்பு பொங்கி நுரைத்தது. எட்டாத தெருக்களில் கிணற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டினார்கள். இன்றைக்கும் நான் ஒரு வீட்டில் டிராயரைக் கழற்றியதும் அங்கே ஓடுவது சிறுவாணியா போர்த் தண்ணியா என்று கேட்காமலே சொல்லிவிடுவேன்.

நிலைமையை மாற்றியது டிடர்ஜென்ட் பவுடர். 1959-ல் இந்துஸ்தான் லீவர் சர்ஃபைக் கொண்டுவந்தது. உப்புத் தண்ணீரிலும் நுரைத்தது, ஆனால் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு மேலே இருந்தது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தன் வீட்டில் பவுடர் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் நிர்மா என்று விற்க ஆரம்பித்தார். சர்ஃப் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அது தெற்கே பரவியபோது எங்கள் தொழிலின் அஸ்திவாரம் ஆடியது. ஒரு பக்கெட், ஒரு கைப்பிடி பவுடர், அரை மணி ஊறல் இருந்தால் வீட்டுப் பெண்களே வெளுத்துவிடலாம். வெள்ளாவி எதற்கு, உவர்மண் எதற்கு? நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் அடுப்பு அவிந்துவிட்டது. அப்பா இஸ்திரி வண்டி வாங்கினார்.

அந்தப் பவுடருக்கு உயிரான மூலப்பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன். மண்ணெண்ணெயிலிருந்தும் பென்சீனிலிருந்தும் எடுப்பது. சென்னை மணலியில் 1984-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் அதைத்தான் தயாரிக்கிறது. தூத்துக்குடியில் சோடாச் சாம்பலுக்கு ஆலை வந்தது. மேட்டு நிலத்தில் சுரண்டிய உவர்மண்ணின் இடத்தை ஆலைச் சரக்கு பிடித்த வரலாறு இவ்வளவுதான்.

மெஷின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1937-ல் பெண்டிக்ஸ் கம்பெனி முன்பக்கம் கதவு வைத்த தானியங்கி மெஷினை வெளியிட்டது. ஜெர்மனியில் 1951-ல் கான்ஸ்ட்ரக்டா வந்தது. சுற்றும்போது ஆடி நகராமலிருக்க அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1980களில் வீடியோகான் விளம்பரம் டிவியில் பாடத் தொடங்கிய பிறகுதான் வாஷிங் மெஷின் நடுத்தர வீட்டுக் கனவானது. டிவிஎஸ் குழுமமும் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் ஆலை வைத்தன. ஆரம்பத்தில் வந்தவை பெரும்பாலும் இரட்டைத் தொட்டி செமி மெஷின்கள். அவற்றில் டிராயர் கிடையாது. பவுடரைக் கையால் தொட்டியில் தூவ வேண்டும், துணியைக் கையால் மாற்ற வேண்டும், முடிந்ததும் மூடியைத் திறந்தே வைத்திருப்பார்கள். அந்த மெஷின்களில் துருவைப் பார்த்திருக்கிறேன், பெல்ட் அறுந்ததைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தக் கறுப்பை அவ்வளவாகப் பார்த்ததில்லை. ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வந்தபோதுதான் டிராயர் வந்தது. எப்போது எதைப் போடுவது என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆளின் வேலையை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டது.

அது வேலை செய்கிற விதம் அழகானது. டிராயருக்கு மேலே துளைகள் போட்ட ஒரு தட்டு இருக்கிறது. இன்லெட் வால்வு திறந்ததும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக எந்த அறைக்கு வேண்டுமோ அந்த அறையில் மட்டும் மழையாகப் பெய்யும். பவுடர் கரைந்து, பின்னால் இருக்கும் ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். பூப் படம் போட்ட அறையின் கதை வேறு. அதற்குள் ஒரு சின்னக் குழாயும் அதன்மேல் ஒரு தொப்பியும் இருக்கும். கம்ஃபர்ட் ஊற்றினால் அப்படியே நிற்கும். கடைசி அலசலின்போது மேலிருந்து தண்ணீர் விழுந்து மட்டம் குழாயின் தலையைத் தாண்டியதும், உள்ளதெல்லாம் தானாக உறிஞ்சப்பட்டுக் கீழே போய்விடும். மோட்டாரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. முழுக்க முழுக்கத் தண்ணீரின் எடை.

இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் தனியாக வைக்க வேண்டும்? பவுடரில் இருக்கும் சலவைப் பொருள் எதிர்மின் தன்மை உள்ளது, மென்மையாக்கும் திரவம் நேர்மின் தன்மை உள்ளது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் திரிந்து பிசுக்காகிவிடும், இரண்டுமே வேலை செய்யாது. அப்பத்தாவும் காரமெல்லாம் போகிறவரை அலசிய பிறகுதான் நீலத்தையும் கஞ்சியையும் சேர்த்தார். டிராயரில் அந்தத் தொப்பி அடைத்துக்கொண்டால் கொஞ்சம் திரவமும் கொஞ்சம் தண்ணீரும் அறையிலேயே தங்கிவிடும். புளித்த கஞ்சிப் பானையின் அதே கதை இங்கே நடக்கிறது. கொழுப்பிலிருந்து செய்த திரவம், தேங்கின தண்ணீர், இருட்டு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“நாங்க அறுபது டிகிரி சூட்டுலதான் போடறோம், அப்புறம் எப்படிங்க பூஞ்சை வரும்?” என்று ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. மெஷினில் ஹீட்டர் இருப்பது தொட்டியின் அடியில். டிராயர் வழியாக வருவது எப்போதும் பச்சைத் தண்ணீர். கீழே தொட்டியில் வெந்நீர் சுழலும்போது டிராயருக்கு ஏறி வருவது வெதுவெதுப்பான ஈரக் காற்று மட்டும். அது பூஞ்சையைக் கொல்லாது, வளர்க்கும். நம் ஊரில் அந்த அறுபதும் அரிதாகிவிட்டது. ஐரோப்பாவில் 1960களில் என்சைம் கலந்த பவுடர்கள் பரவிய பிறகு கொதிநீர்ச் சலவை படிப்படியாகக் குறைந்தது. கரண்டும் மிச்சம், துணிக்கும் நல்லது. இந்தியாவில் 1990களில் என்சைம் பவுடர்கள் வந்தன. பிறகு லிக்விட் வந்தது. பவுடர்கள் சிலவற்றில் இருக்கும் ஆக்சிஜன் வெளுப்பான் லிக்விடில் கிடையாது. எப்போதும் லிக்விட், எப்போதும் பச்சைத் தண்ணீர் என்று இருக்கிற வீடுகளில் வழவழப்பு சீக்கிரம் சேர்கிறது. போர்த் தண்ணி வீடுகளில் அதன்மேல் சுண்ணாம்புப் படிவமும் சேரும். பவுடரில் உள்ள சோடாவும் தண்ணீரில் உள்ள கால்சியமும் சேர்ந்து கல்லாக இறுகி, மேல்தட்டின் துளைகளை அடைத்துவிடும். மழை பெய்ய வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஒழுகும், பவுடர் கட்டியாக நிற்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று கூப்பிடுவார்கள்.

இது வெறும் நாற்றத்தோடு போகிற விஷயமும் இல்லை. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் பிரிவில், பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்ற பாக்டீரியா குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. நல்லவேளையாக யாருக்கும் ஆபத்தான தொற்று ஆகவில்லை. தேடிப் பார்த்தபோது குழந்தைகளின் பின்னல் குல்லாவும் காலுறையும் துவைத்த வீட்டு உபயோக மெஷின் ஒன்றில் போய் நின்றது. அதன் சோப்பு டிராயரிலும் கதவு ரப்பரிலும் அதே கிருமி இருந்தது. அந்த மெஷினை எடுத்த பிறகு பரவல் நின்றது. 2019-ல் இந்த ஆய்வு வெளியானது. வெள்ளாவி வைத்து ஊரின் பேறுகாலத் துணியை வெளுத்த பெண்களின் பேரன் நான். துவைக்கிற பண்டமே கிருமியைச் சுமந்து நின்றது என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு பதைத்தது.

விட்டுப்போன வேலை எதுவென்று இப்போது சொல்லிவிடலாம். உவர்மண்ணுக்குப் பவுடர் வந்தது. வெள்ளாவிக்கு ஹீட்டர் வந்தது. கல்லுக்கு டிரம் வந்தது. கஞ்சிப் பானைக்குப் பூப் போட்ட அறை வந்தது. பாத்திரத்தைக் காயவைக்கிற கைக்குப் பதிலாக எதுவும் வரவில்லை. சலவைக்கு மனிதர்கள் பயன்படுத்திய பண்டங்களில், வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடிவைக்கப்படுவது இந்த டிராயராகத்தான் இருக்கும். கல்லும் தாழியும் பானையும் வெயிலில் கிடந்தன. இது மாத்திரம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று தள்ளி மூடப்படுகிறது.

நான் செய்கிற முறை இது. டிராயரைக் கழற்றி, பூ அறையின் தொப்பியையும் உருவிவிடுவேன். பலர் வீட்டில் அந்தத் தொப்பி கழன்று வரும் என்பதே தெரியாது. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து, லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் கரைத்து, அரை மணி நேரம் ஊறப்போடுவேன். கொதிக்கிற நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். சுண்ணாம்பு இளகியதும் பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து எடுப்பேன். அது ஊறுகிற நேரத்தில் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பொந்துக்குள் பிரஷ்ஷை விட்டு மேல்தட்டைத் தேய்ப்பேன். எல்லாரும் விட்டுவிடுகிற இடம் அதுதான். டிராயரைப் பளபளவென்று கழுவி, கறுத்த பொந்துக்குள்ளேயே திரும்பச் செருகினால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். தண்ணீர்க் குழாய் மெஷினில் சேருகிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். குழாயை அடைத்துவிட்டு அதையும் எடுத்து அலசிப் போடுவேன். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. வாங்க மாட்டேன். ரப்பரையும் உலோகத்தையும் அரித்துவிடும். பிளீச்சிங் திரவத்தையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலப்பது அதைவிடக் கொடுமை. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

மாசம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும். போர்த் தண்ணி வீடு என்றால் கொஞ்சம் அடிக்கடி. பவுடரையும் கம்ஃபர்ட்டையும் கோட்டுக்கு மேல் போடக் கூடாது. அதிகம் போட்டால் அதிகம் வெளுக்கும் என்று நினைக்கிறார்கள். கரையாமல் மிஞ்சுவது டிராயரில்தான் தங்குகிறது.

இது எதுவும் ரகசியம் இல்லை. மெஷினோடு வருகிற கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறது. ஆனால் நான் புரட்டிப் பார்த்த கையேடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தன. புதுச்சேரியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பிள்ளைப்பாக்கத்திலும் மெஷின் தயாராகிறது. செய்கிற கைகள் தமிழ்க் கைகள், வாங்குகிற வீடுகள் தமிழ் வீடுகள். டிராயரைக் கழற்றுவதையும் காயவைப்பதையும் பற்றி ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சிட்டு, டிராயருக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்லி மெஷின் செய்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் வருகிறவரை, இதைப் படிக்கிறவர்கள் துவைத்து முடித்ததும் டிராயரை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தே வையுங்கள். கதவையும் சாத்தாதீர்கள். உள்ளே ஈரம் காயட்டும்.